பழுது வருமுன்

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் அந்நாளில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். அதிகாலைப் பிரட்டில் பெயர் கொடுத்தபின், பால்மரம் வெட்டுவோர் தத்தம் நிரைக்குச் செல்வர். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். கங்காணி நிரை நிரையாக நடந்து மரங்களைப் பார்வையிடுவார். ஒரு மரத்தின் வெட்டுக்கோட்டில் ஒரு பகுதி பால் சுரக்காமல் காய்ந்திருந்தால், அது பட்டை நோயின் அறிகுறி. அத்தகைய மரத்தை வெட்டாமல் சில காலம் ஓய்வாக விடுவார்கள். அதைக் கவனிக்காமல் தொடர்ந்து வெட்டினால் மரம் பால் தருவதையே நிறுத்திவிடக்கூடும். பின்னர், சேகரித்த பாலைக் கொட்டகையில் நிறுத்துப் பார்ப்பார்கள். கிராணி அக்கணக்கைப் பதிவேட்டில் எழுதுவார். நேற்றைய கணக்கும் இன்றைய கணக்கும் அருகருகே இருக்கும்போது, எங்கே குறைவு ஏற்பட்டுள்ளது என்பது எளிதில் தெரிந்துவிடும்.

பேராக்கிற்கும் ரப்பருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1877ஆம் ஆண்டிலேயே கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இன்றோ, ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் மரங்களைக் காண முடிவதில்லை. சில செம்பனைக் காடுகளாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகளில் வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நகர அலுவலகங்களில் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கின்றனர். தொழில் மாறினாலும், நாள்தோறும் பார்வையிடுதல், அறிகுறியை முன்கூட்டியே கண்டறிதல், பதிவேட்டில் எழுதி வைத்தல் ஆகிய மூன்று பழக்கங்களின் தேவை மாறவில்லை. வணிக நிறுவனங்களின் கணினிகளைக் காப்பதற்கும் இம்மூன்றே அடிப்படையாகும்.

சேவையகமும் அதன் பணியும்

பல கணினிகளுக்குத் தேவையான தகவல்களை ஓரிடத்தில் சேமித்து வைத்து, கேட்கும்போதெல்லாம் எடுத்துக்கொடுக்கும் கணினியே சேவையகம். பேச்சு வழக்கில் இதனைச் ‘சர்வர்’ என்பர். வீட்டுக் கணினியைப் போல் இதனை இரவில் அணைத்துவிட முடியாது. ஆண்டு முழுவதும் இரவு பகலாக இயங்குவதே இதன் வேலை.

ஈப்போவில் மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். கடையின் பின்னறையில் ஒரு சேவையகம் இருக்கிறது. கிடங்கில் உள்ள அரிசி மூட்டைகளின் எண்ணிக்கை, கடன் வாங்கிய சில்லறைக் கடைக்காரர்களின் கணக்கு, தொழிலாளர்களின் சம்பளம், ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவிற்கும் செலுத்த வேண்டிய தொகை ஆகிய அனைத்தும் அதில்தான் உள்ளன. மாதக் கடைசியில் அது திடீரென நின்றுவிட்டால், பற்றுச்சீட்டு எழுத முடியாது. லாரியில் எந்தச் சரக்கை ஏற்றுவது என்று தெரியாது. சம்பளக் கணக்கும் முடியாது. இயந்திரத்தைப் புதிதாக வாங்கிவிடலாம். ஆனால், அதில் இருந்த பல ஆண்டுக் கணக்கைக் கடையில் வாங்க முடியாது. ஒரு மருந்தகத்தின் சேவையகமாக இருந்தால், நோயாளிகளின் மருந்துக் குறிப்புகளே மறைந்துபோகும்.

பழுது எங்கிருந்து வருகிறது?

சேவையகத்தின் முதல் எதிரி வெப்பம். கணினி இயங்கும் அறையில் காற்றின் வெப்பநிலை 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது என்று அனைத்துலகப் பொறியியல் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் நண்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க எண்ணி, வார இறுதியில் ஒருவர் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுப் போனால், பூட்டிய அறையில் சேவையகம் தன் வெப்பத்திலேயே வெந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது எதிரி தூசு. அது விசிறிகளிலும் காற்றுத் துளைகளிலும் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கிறது. மூன்றாவது எதிரி மின்னல். உலகில் மின்னல் அதிகம் தாக்கும் நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. இடி மின்னலின்போது மின்கம்பிகளில் ஏற்படும் திடீர் அழுத்தம் கருவிகளைக் கருக்கிவிடும். மின்தடை ஏற்பட்டால் எழுதிக்கொண்டிருந்த தரவு பாதியில் நின்றுவிடும். இவற்றுடன் இயல்பான தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. சுழலும் விசிறி தேயும், மின்கலம் வலுவிழக்கும், தரவைச் சேமிக்கும் வட்டில் சில இடங்கள் எழுத இயலாதவையாக மாறும்.

இவற்றுள் பெரும்பாலானவை ஒரே நாளில் நிகழ்வதில்லை. விசிறி நிற்பதற்கு முன் அதன் வேகம் குறையும். வட்டு கெடுவதற்கு முன் பழுதான இடங்களின் எண்ணிக்கை மெல்ல உயரும். தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலத்தின் அழுத்தம் 3 வோல்ட்டிலிருந்து படிப்படியாக இறங்கும். முன்னறிவிப்பு இல்லாத பழுதுகளும் உண்டு. ஆயினும், பல பழுதுகள் வருமுன் இயந்திரம் குரல் கொடுக்கிறது. அந்தக் குரலைக் கேட்க யாராவது இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சேவையகத்தின் உள்ளே ஒரு கங்காணி

அந்தக் குரலைக் கேட்பதற்காகவே பெரும்பாலான வணிகச் சேவையகங்களின் தாய்ப்பலகையில் ஒரு சிறு தனிக் கணினி பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு ‘பி.எம்.சி.’ என்று பெயர். இதனைக் கண்காணிப்புச் சில்லு எனலாம். இதற்கெனத் தனிச் செயலியும் நினைவகமும் உண்டு. சேவையகம் அணைக்கப்பட்டிருந்தாலும், மின்சார இணைப்பு இருக்கும்வரை இது விழித்திருக்கும்.

சேவையகத்தின் பல பகுதிகளில் உணரிகள் உள்ளன. உள்ளே நுழையும் காற்றின் வெப்பம், செயலியின் வெப்பம், விசிறிகள் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கின்றன, மின் அழுத்தம் எவ்வளவு என்பனவற்றை அவை இடைவிடாமல் அளக்கின்றன. கண்காணிப்புச் சில்லு அந்த அளவுகளைப் படித்து, வழக்கத்திற்கு மாறான நிகழ்வுகளை நாள், நேரத்துடன் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. தோட்டத்தில் கங்காணியும் கிராணியும் செய்த வேலையை இச்சில்லு தனியாகவே செய்கிறது எனலாம்.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் இதற்குத் தனித்தனி முறையைக் கையாண்டது. 1998ஆம் ஆண்டில் இன்டெல், ஹியூலட் பேக்கர்ட், என்.இ.சி., டெல் ஆகிய நிறுவனங்கள் இணைந்து ‘ஐ.பி.எம்.ஐ.’ என்னும் பொது விதிமுறையை வெளியிட்டன. 2015ஆம் ஆண்டில் ‘ரெட்ஃபிஷ்’ என்னும் புதிய விதிமுறை வந்தது. பொது விதிமுறைகள் இருப்பதால், வெவ்வேறு நிறுவனங்களின் சேவையகங்களை ஒரே திரையில் பார்வையிட முடிகிறது. ‘ஸாபிக்ஸ்’, ‘நாகியோஸ்’ போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள் இதற்கு உதவுகின்றன. அவற்றைக் கட்டணமின்றியே பயன்படுத்தத் தொடங்கலாம் என்பதால் சிறு நிறுவனங்களுக்கும் இவ்வசதி எட்டாக்கனி அன்று.

கண்காணிப்பை அமைக்கும் முறை

முதலில், என்னென்ன உள்ளன என்று பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு சேவையகத்தின் மாதிரி, வரிசை எண், வாங்கிய நாள், உத்தரவாதம் முடியும் நாள், அதில் உள்ள வட்டுகளின் விவரம் ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, கண்காணிப்புச் சில்லுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும். சேவையகத்தை அணைக்கவும் மீண்டும் இயக்கவும் இதற்கு அதிகாரம் உண்டு. ஆகவே, இது தீயவர் கையில் சிக்கினால் வீட்டின் சாவியையே கொடுத்ததற்கு ஒப்பாகும். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றிவிட வேண்டும். இதனை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்காமல், நிறுவனத்திற்குள்ளேயே தனி வலையமைப்பில் இணைக்க வேண்டும்.

மூன்றாவதாக, இயல்பு நிலை எது என்பதை அறிய வேண்டும். ஓரிரு வாரங்களுக்கு அளவுகளைப் பதிவு செய்தால் அது தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, உள்ளே நுழையும் காற்று வழக்கமாக 24 பாகையில் இருக்கும் அறையில், 30 பாகையை எட்டினால் எச்சரிக்கை என்றும் 35 பாகையை எட்டினால் அவசரம் என்றும் எல்லை வகுக்கலாம். கருவியின் கையேடு கூறும் எல்லையையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நான்காவதாக, எச்சரிக்கை யாருக்குச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். “எல்லாருக்கும்” என்று அனுப்பினால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவர். ஒருவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யார் என்பதையும் குறிப்பிட வேண்டும். தீபாவளி விடுமுறையிலும் இந்த ஏற்பாடு செயல்பட வேண்டும்.

எச்சரிக்கைகளின் எண்ணிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். சிறு மாற்றத்திற்கெல்லாம் கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருந்தால், பொறுப்பாளர் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். “புலி வருது, புலி வருது” என்று விளையாட்டாகக் கூவிய சிறுவனை, உண்மையாகவே புலி வந்தபோது யாரும் நம்பவில்லை. அந்தக் கதை இயந்திரங்களுக்கும் பொருந்தும்.

இறுதியாக, அமைத்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பல சேவையகங்களில் மின்சாரம் பெறும் பகுதிகள் இரண்டு இருக்கும். வேலை இல்லாத நேரத்தில் அவற்றுள் ஒன்றின் கம்பியை மட்டும் கழற்றினால், சேவையகம் தொடர்ந்து இயங்க வேண்டும். பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கையும் வர வேண்டும். வரவில்லை என்றால், கண்காணிப்பு இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தது வெறும் நம்பிக்கை மட்டுமே.

நிலைப்பொருள் என்றால் என்ன?

கையால் தொடக்கூடிய பகுதிகள் வன்பொருள். அவற்றில் இயங்கும் கட்டளைத் தொகுப்புகள் மென்பொருள். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது நிலைப்பொருள். இது வன்பொருளுக்குள்ளேயே பதித்து வைக்கப்பட்ட கட்டளைத் தொகுப்பு. ‘ஃபெர்ம்வேர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை 1967ஆம் ஆண்டில் ஆஷர் ஆப்ளர் என்பவர் உருவாக்கினார். கணினியை இயக்கியவுடன் முதலில் விழித்தெழுந்து, மற்ற பகுதிகளைச் சரிபார்த்து எழுப்புவது தாய்ப்பலகையின் நிலைப்பொருளே. கண்காணிப்புச் சில்லு, வட்டு, வலையமைப்பு அட்டை ஆகியவற்றுக்கும் தனித்தனி நிலைப்பொருள் உண்டு.

நிலைப்பொருளையும் மனிதர்களே எழுதுகின்றனர். ஆகவே, அதிலும் பிழைகள் நேரும். இதற்கு அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஓர் உண்மை நிகழ்வு சான்றாகும்.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஹியூலட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பை வெளியிட்டது. சேவையகங்களில் பயன்படும் குறிப்பிட்ட சில எஸ்.எஸ்.டி. வட்டுகள், மொத்தம் 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும் என்று அது கூறியது. 32,768 மணி நேரம் என்பது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். அதன்பின் வட்டையும் மீட்க முடியாது; அதில் உள்ள தரவையும் மீட்க முடியாது.

இந்த எண் கணினி கற்றோருக்குப் பழக்கமானது. 2 என்னும் எண்ணைப் பதினைந்து முறை எழுதிப் பெருக்கினால் 32,768 வரும். 16 இரும இலக்கங்களில், கூட்டல் கழித்தல் குறியுடன் எழுதப்படும் எண் 32,767க்கு மேல் செல்ல முடியாது. மூன்றிலக்க மீட்டர் 999ஐத் தாண்ட முடியாதது போன்றதே இது.

இதில் இன்னோர் ஆபத்தும் மறைந்திருந்தது. ஒரு வட்டு கெட்டாலும் தரவு அழியாதிருக்க, சேவையகங்களில் பல வட்டுகளைக் கூட்டாகப் பயன்படுத்துவர். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் என்பது அதன் அடிப்படை. ஆனால், ஒரே நாளில் வாங்கி ஒரே நேரத்தில் இயக்கிய வட்டுகள் யாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த எண்ணை எட்டும். அப்போது தாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இவ்வட்டுகளில் வெப்பம் உயரவில்லை, தேய்மானமும் இல்லை. உணரிகள் எவையும் இதனை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. புதிய நிலைப்பொருளைப் பதிப்பதே ஒரே தீர்வு. அறிவிப்பைப் படித்து, தம்மிடம் அந்த வட்டு உள்ளதா என்று பட்டியலைப் பார்த்து, உரிய காலத்தில் நிலைப்பொருளைப் புதுப்பித்தவர்கள் இந்த ஆபத்திலிருந்து தப்பினர். பட்டியலே இல்லாதவருக்கு அறிவிப்பு வந்தும் பயனில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதே நிறுவனம் வேறு சில வட்டுகளைப் பற்றி இத்தகைய இன்னோர் அறிவிப்பை வெளியிட்டது. அவற்றின் எல்லை 40,000 மணி நேரம்.

புதுப்பிப்பதிலும் நிதானம் தேவை

அப்படியானால், புதிய நிலைப்பொருள் வந்தவுடன் பதித்துவிடலாமா? அதுவும் சரியன்று. பதிக்கும் வேலை பாதியில் இருக்கும்போது மின்சாரம் தடைபட்டால், அப்பகுதி மீண்டும் எழாமலே போகக்கூடும். அவ்வாறு செயலிழந்த கருவியைத் தொழில்நுட்பர்கள் ‘செங்கல்’ என்று கேலியாகக் குறிப்பிடுவர். 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ‘சி.ஐ.எச்.’ என்னும் நச்சுநிரல் பல நாடுகளில் எண்ணற்ற கணினிகளைத் தாக்கியது. அது சில கணினிகளின் தாய்ப்பலகை நிலைப்பொருளை அழித்ததால், அவற்றை இயக்கவே முடியாமல் போயிற்று. நிலைப்பொருள் சிதைந்தால் விளைவு எத்தகையது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

எனவே, புதுப்பித்தலை முறையாகத் திட்டமிட வேண்டும். முதலில், தயாரிப்பு நிறுவனத்தின் குறிப்பைப் படித்து, எந்தப் பிழையைத் திருத்துவதற்காக அது வந்துள்ளது என்று அறிய வேண்டும். பாதுகாப்புக் குறையை அடைப்பதாகவோ தரவு இழப்பைத் தடுப்பதாகவோ இருந்தால் தாமதிக்கக் கூடாது. சிறு வசதிக்காக மட்டும் வந்ததாக இருந்தால் காத்திருக்கலாம். கோப்பைத் தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும்.

அடுத்து, தரவு முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். அந்த நகலிலிருந்து தரவைத் திரும்பப் பெற முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். திரும்பப் பெற முடியாத நகல் இருந்தும் இல்லாததே. பல சேவையகங்கள் இருந்தால், முக்கியத்துவம் குறைந்த ஒன்றில் முதலில் பதித்துச் சில நாள் கவனிக்க வேண்டும். மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ். கருவி இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மாலையில் இடி மின்னல் முழங்கும் வேளையில் இவ்வேலையைத் தொடங்குவது அறிவுடைமையன்று. கடை மூடிய பிறகு, ஞாயிறு இரவு போன்ற அமைதியான நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அனைவருக்கும் முன்கூட்டியே அறிவிப்பது நல்லது. தயாரிப்பு நிறுவனம் கூறும் வரிசைப்படி, ஒவ்வொரு பகுதியாகப் புதுப்பிக்க வேண்டும். சிக்கல் நேர்ந்தால் பழைய பதிப்பிற்குத் திரும்பும் வழியையும் அறிந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்தபின், பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், செய்தவர் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு சிக்கல் எழும்போது, “அப்போது என்ன செய்தோம்?” என்ற கேள்விக்கு மனித நினைவை மட்டும் நம்ப முடியாது.

பொறுப்பு மனிதருடையது

இப்பணிகளுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பெரும்பாலான கருவிகள் சேவையகத்துடனேயே வந்துவிடுகின்றன. தேவைப்படுவது பொறுப்பும் ஒழுங்கும்தான். வாரத்திற்கு ஒருமுறை பதிவேட்டைப் பார்ப்பது, மாதத்திற்கு ஒருமுறை தயாரிப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் படிப்பது, குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை தூசு தட்டுவதும் நகலைச் சோதிப்பதும் என்று ஓர் அட்டவணை வகுத்துக்கொண்டால் போதும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. இயந்திரங்களுக்கும் அந்நெறி பொருந்துகிறது.

இத்துறையைக் கற்க விரும்பும் மாணவர்களுக்குப் பேராக் மாநிலத்திலேயே வாய்ப்புகள் உள்ளன. நாட்டின் முதல் பல்தொழில்நுட்பக் கல்லூரியான உங்கு ஒமார் பல்தொழில்நுட்பக் கல்லூரி 1969ஆம் ஆண்டு ஈப்போவில்தான் தொடங்கப்பட்டது. கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன.

எத்துணை நுட்பமான உணரியாக இருந்தாலும் அது எச்சரிக்க மட்டுமே செய்யும். எச்சரிக்கையைப் படிப்பதும், எழுந்து சென்று ஆவன செய்வதும் மனிதரின் கடமை. அன்று தீம்பாரில் காய்ந்த பட்டையைக் கண்டதும் நின்று பார்த்தவர்கள் மரத்தைக் காத்தார்கள். இன்று திரையில் தோன்றும் சிறு எச்சரிக்கையை நின்று பார்ப்பவர்கள், பலருடைய உழைப்பின் கணக்கைக் காக்கிறார்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவோருக்கே அந்தப் பெருமை உரியது.